மெயில் வடிகட்ட எதை வைத்திருக்கிறீர்கள்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

முதலில் என் கதை. பழைய மெயில் சர்வர் ஒன்று என் பொறுப்புக்கு வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் மெயிலை வாங்கிப் புரோக்மெயில் என்ற வடிகட்டியிடம் கொடுக்கும். அது விதிகளைப் பார்த்து மெயில்டிர் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) ஃபோல்டர்களில் போடும். ஒருவருக்கு மட்டும் குழு மெயில்கள் கண்ணிலேயே படவில்லை. லாகைப் பார்த்தால் எல்லாம் டெலிவரி ஆகியிருந்தது. ஃபோல்டரைத் திறந்தேன். மெயில்கள் இருக்க வேண்டிய ‘நியூ’, ‘கர்’ உள்ஃபோல்டர்கள் இரண்டும் காலி. பக்கத்திலேயே ‘எம்எஸ்ஜி’ என்று தொடங்கும் கோப்புகள் குவிந்து கிடந்தன.

விதியில் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் / இல்லை, அவ்வளவுதான். அது இருந்தால்தான் புரோக்மெயில் அதை மெயில்டிராக நினைக்கும்; இல்லாவிட்டால் வெறும் டைரக்டரிதானே என்று கோப்பைப் போட்டுவிட்டுப் போய்விடும். மெயிலைப் பயனருக்குக் காட்டும் ஐமேப் சர்வர் அந்தக் கோப்புகளைக் கண்டுகொள்ளாது. இதே மாதிரிதான் :0 என்பதும் :0: என்பதும். பின்னது ஒரே நேரத்தில் இரண்டு மெயில் எழுதப்படாமலிருக்கப் பூட்டுக் கோப்பு வைக்கும், முன்னது வைக்காது. ஒரு குறி விட்டாலும் வாய் திறக்காத மென்பொருளை எப்படி நம்புவது? போதாக்குறைக்கு, 2001இல் 3.22 வந்தபின் இருபது ஆண்டுக்குக் கிட்ட அடுத்த பதிப்பே இல்லை. மாற்ற வேண்டும். எதற்கு?

பதில்:
மெயில்டிராப் என்ற வடிகட்டியைப் பாருங்கள் சார். விதிக் கோப்பை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மெயிலைத் தொடும். இலக்கணப் பிழை இருந்தால் பிழைக்குறியோடு திரும்பிவிடும்; மெயில் போஸ்ட்ஃபிக்ஸ் வரிசையில் காத்திருக்கும். மாற்றாமல் விட்டிருந்தால் அந்த வரிசையின் ஆயுள் 5 நாள், சரிசெய்ய அது தாராளம். விதிக் கோப்பை மற்றவர்கள் படிக்கும்படி விட்டாலும் வேலை செய்ய மறுக்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

பதில்:
டவ்காட் என்ற ஐமேப் சர்வர் ஏற்கெனவே ஓடுகிறதென்றால் வேறெங்கும் போக வேண்டாம், வடிகட்டும் விதிகளை எழுதும் மொழியான சிவ் போதும். போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து எல்எம்டிபி (மெயிலை ஒப்படைக்கும் நெறிமுறை) வழியாக டவ்காட்டுக்குக் கொடுங்கள். அதில் சிவ் விதிகளை ஓட்டும் பிஜன்ஹோல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். விதி தப்பாகிப்போனால் மெயில் இன்பாக்ஸில் விழும், காரணம் பயனரின் லாக் கோப்பில் இருக்கும். மேலே சொன்ன ‘வந்தது, ஆனால் காணோம்’ பிரச்சினையைவிட இது எவ்வளவோ மேல். சோதனைக்கென்று தனிக் கட்டளையும் உண்டு: ஒரு மெயிலைக் கொடுத்தால் எந்த ஃபோல்டருக்குப் போகும் என்று மட்டும் சொல்லும், எதையும் நகர்த்தாது. பயனர்களுக்கு ஷெல் (சர்வரில் கட்டளை தட்டும் அனுமதி) கொடுக்க வேண்டியதில்லை, 4190 போர்ட் வழியாகத் தங்கள் விதிகளைத் தாங்களே மாற்றிக்கொள்வார்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நினைத்த நிரலையெல்லாம் விதிக்குள்ளிருந்து ஓட்ட முடியாது. பாதுகாப்புக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் ஸ்பேம் சோதனையை முன்னாலேயே முடிக்க வேண்டும். எங்களிடம் ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டி மெயிலின் தலைப்பில் ஒரு வரி சேர்க்கும், சிவ் அந்த வரியைப் பார்த்து ஒதுக்கும். அப்புறம், குழு மெயில்களைப் பிரிக்கப் பொருள் வரியைத் தேடாதீர்கள், யாராவது மாற்றிவிடுவார்கள். குழுவின் அடையாளம் இருக்கும் ‘லிஸ்ட்-ஐடி’ தலைப்பைப் பிடியுங்கள்.

பதில்:
சர்வரே இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் மெயில் இறக்குகிறவர்களுக்கு எஃப்டிஎம் என்ற நிரல். இறக்குவதும் பிரிப்பதும் ஒரே கோப்பில் முடிந்துவிடும். சர்வர் வைத்திருப்பவருக்கு என் ஓட்டும் சிவ்வுக்குத்தான். ஆனால் மாற்றுவதற்கு முன் அந்த ‘எம்எஸ்ஜி’ கோப்புகளை ‘நியூ’வுக்குள் நகர்த்திவிடுங்கள், பாவம் அந்த ஆள் இன்னும் பதில் போடாமல் இருப்பார்.