அக்கா மகளுக்கு 35,000 ரூபாயில் கணினி: புதிய பாகங்களா, அலுவலகத்தில் ஓடிய பழைய பெட்டியா?

தேவகோட்டையான்:
அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகள் இந்த ஆண்டு பி.காம். முதலாண்டில் சேர்ந்திருக்கிறாள். டேலி என்ற கணக்கு மென்பொருளையும் எக்செல்லையும் வீட்டில் பழகுவதற்கு அவளுக்கு ஒரு கணினி தேவை. அக்கா வீட்டிலேயே தையல் நடத்துகிறார். அந்த வரவு செலவையும் அதிலேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார். அவர்கள் இருப்பது தேவகோட்டையில், நான் வேலை பார்ப்பது அம்பத்தூரில். தாய்மாமன் என்ற முறையில் நானே வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். என்னிடம் 22 அங்குல மானிட்டர் ஒன்று நல்ல நிலையில் இருப்பதால் மற்ற அனைத்திற்கும் சேர்த்து 35,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன்.

நான் எழுதி வைத்திருக்கும் பட்டியல்: இன்டெல் ஐ3-12100 புராசஸர், டிடிஆர்4 ராம் ஏற்கும் எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சேமிப்பகம்), எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடன் சேர்ந்தே வரும் கேபினெட், கீபோர்டு, மவுஸ். ராம் விலை ஏறிக் கிடப்பதால், மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் யுபிஎஸ்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீக்கிவிட்டேன். சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கி, நானே பூட்டி, பேருந்தில் கொண்டுபோய்க் கொடுப்பதாகத் திட்டம். இதில் பிழை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

சில்லுத்தச்சன்:
புராசஸர் தேர்வு மிகச் சரி. 2022-இல் வந்த ஐ3-12100-க்கு நான்கு கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) எட்டு த்ரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் பணி வரிசைகள்) உண்டு. டேலி, எக்செல் போன்றவற்றில் ஒரு கோரின் வேகமே பெரும்பாலும் கைகொடுக்கும். அதில் இது தனக்கு முந்திய தலைமுறை ஐ5-களில் பலவற்றைத் தாண்டி நிற்கிறது. ஆனால் கடையில் 12100எஃப் என்பதை விலை குறைத்துச் சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். எஃப் என்று முடியும் புராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் மானிட்டரில் படமே வரும்.

உங்கள் பட்டியலில் என்னை வருத்துவது அந்த எஸ்எம்பிஎஸ் ஒன்றுதான். மலிவான கேபினெட்டுடன் வருவதன் மேல் 450 வாட், 500 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். உள்ளே திறந்து பார்த்தால் சிறிய டிரான்ஸ்பார்மரும், வடிகட்ட வேண்டிய கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பலகையும் இருக்கும். மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் அப்படிப்பட்ட ஒன்று தான் கெடுவதோடு நில்லாமல் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் கூடவே கொண்டுபோய்விடும். ராமை ஒரே ஒரு 8 ஜிபியாகக் குறைத்தாவது, 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். இரண்டாவது ராமை ஆறு மாதம் கழித்துக்கூடச் செருகிக்கொள்ளலாம்; கருகிய போர்டை அப்படி மீட்க முடியாது.

நொய்யல்கரை:
சில்லுத்தச்சன் சொன்ன எஸ்எம்பிஎஸ் கருத்தை ஏற்கிறேன். அடிப்படைத் தேர்வை ஏற்கவில்லை. கோவையில் ஓர் அலுவலகத்தின் இருநூறு கணினிகளைப் பராமரிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பி.காம். முதலாண்டு மாணவிக்குப் புதிய பாகங்கள் தேவையே இல்லை. நிறுவனங்கள் ஒப்பந்தம் முடிந்து கழிக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவா திங்க்சென்டர் வகைப் பெட்டிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எட்டாம் தலைமுறை ஐ5-8500 உள்ள ஒன்றைப் பாருங்கள். 2018-இல் வந்தது, ஆறு கோர்கள் கொண்டது.

இதில் பலரும் கணக்கில் சேர்க்காத செலவு இரண்டு உண்டு. முதலாவது விண்டோஸ் உரிமம். அசெம்பிள் செய்யும் கணினிக்கு அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். தேவகோட்டையான் பட்டியலில் அது இல்லவே இல்லை. இந்த அலுவலகப் பெட்டிகளிலோ நிறுவனம் முதலில் வாங்கிய விண்டோஸ் புரோ உரிமத்தின் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், விண்டோஸை மறுபடி நிறுவும்போது அதுவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11-க்கும் கட்டணமின்றி மாறலாம். இரண்டாவது ராம். ஏஐ தரவு மையங்களுக்கான தேவை பெருகியதால் 2025-இன் இறுதியிலிருந்து ராம் விலை எப்படி ஏறியது என்பதை அனைவரும் பார்த்தோம். பொதுப் பயனருக்கான குரூசியல் என்ற ராம், எஸ்எஸ்டி வணிகத்தையே கைவிடுவதாக நினைவகச் சில்லு நிறுவனமான மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இன்று புதிதாக 16 ஜிபி வாங்குவதும், 16 ஜிபி ஏற்கெனவே உள்ள பெட்டியை வாங்குவதும் ஒரே செலவு அல்ல.

செம்மண்:
இரண்டுக்கும் நடுவே ஏஎம்டி ரைசன் 5 5600ஜி என்ற புராசஸர் வழியும் உண்டு. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், வேகா கிராபிக்ஸ். பிள்ளைகள் எப்போதாவது விளையாட்டும் ஆடுவார்கள் அல்லவா?

சில்லுத்தச்சன்:
செம்மண் அவர்களுக்கு: 5600ஜி நல்ல புராசஸர்தான். ஆனால் அதன் கிராபிக்ஸுக்கு வேகம் வர வேண்டுமானால் இரண்டு ராம்களை இரட்டைச் சேனலில் (இரண்டும் ஒருசேர இயங்கும்படி) போட்டாக வேண்டும். இப்போது நம் கையைக் கடிப்பதே ராம்தான். மேலும் யூடியூப் இன்று பரவலாகப் பயன்படுத்தும் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வன்பொருள் அதில் இல்லை. 12100-இன் உள் கிராபிக்ஸான யுஎச்டி 730-இல் இருக்கிறது. பாடங்களை வீடியோவில் பார்க்கும் பெண்ணுக்கு இதுவே பயன்.

நொய்யல்கரை அவர்களுக்கு: விண்டோஸ் உரிமத்தை நான் மறந்தது உண்மை, நியாயமான சுட்டல். ஆனால் பழைய பெட்டியை அலுவலகத்தில் நீங்கள் பராமரிப்பதும், தேவகோட்டையில் ஒரு தையல்காரம்மா பராமரிப்பதும் ஒன்றாகுமா? உங்களிடம் ஒன்று பழுதானால் இன்னொன்றிலிருந்து பாகத்தைக் கழற்றிப் போடுவீர்கள். அந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும். இணைப்பு முனைகூட வேறு. அது போய்விட்டால் காரைக்குடியில் எந்தக் கடையிலும் அந்த எஸ்எம்பிஎஸ் உடனே கிடைக்காது. புதிய பாகங்களால் பூட்டிய கணினியில் எந்தப் பாகம் போனாலும் மாவட்டத் தலைநகர் வரை போகாமலே மாற்றிவிடலாம். புதிய புராசஸருக்கும் போர்டுக்கும் மூன்றாண்டு வாரண்டியும் உண்டு. எச்610 போர்டில் பிற்பாடு 13 அல்லது 14-ஆம் தலைமுறைப் புராசஸரையும் மாற்றிக்கொள்ளலாம்.

நொய்யல்கரை:
வாரண்டி என்ற சொல்லைச் சற்று விரித்துப் பார்ப்போம். அசெம்பிள் செய்த கணினிக்கு ஒரே வாரண்டி கிடையாது. புராசஸருக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று, எஸ்எஸ்டிக்கு ஒன்று என்று தனித்தனி ரசீது, தனித்தனிச் சேவை மையம். கணினி எழவில்லை என்றால் கெட்டது எந்தப் பாகம் என்பதை முதலில் ஒருவர் கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒருவர் அம்பத்தூரில் இருக்கிறார். என் தம்பிக்கு நானே ஒரு முறை பூட்டிக் கொடுத்துவிட்டு, ராம் சரியாக அமராத ஒரே குறைக்காகக் கோவையிலிருந்து தென்காசிக்கு இரவுப் பேருந்து ஏறியவன் நான். அதன் பிறகுதான் உறவினருக்கு அலுவலகப் பெட்டியையே பரிந்துரைக்கிறேன். பல ஆண்டுகள் ஓடித் தேறிய இயந்திரம் திடீரென்று படுப்பது குறைவு என்பது என் அனுபவம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஐ5-6500 போன்ற ஆறாம் தலைமுறைப் பெட்டியை விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கப்படுகிறது. குறுக்கு வழியில் நிறுவலாம் என்பார்கள். அதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. கணக்கு எழுதப்போகும் கணினியில் அது வேண்டாம்.

செம்மண்:
விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுவிட்டால் இந்தச் சிக்கலே இல்லையே?

நிலாமுற்றம்:
டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கல்லூரியில் பார்த்த அதே திரையை வீட்டிலும் பார்த்தால்தான் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கை பழகும். இருபது ஆண்டுகளாகக் கணக்குப் பதிவியல் நடத்துகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

மற்றவர்கள் புராசஸரைப் பற்றியே பேசுவதால் யுபிஎஸ் பற்றி எழுதுகிறேன். தேவகோட்டையான் தம்பி, நீங்கள் நீக்கியிருப்பது நீக்கக்கூடாத ஒன்று. ஒரு மாணவி இரண்டு மணி நேரம் வவுச்சர் பதிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய், மறுபடி திறந்தபோது டேட்டா கெட்டுப்போய், செய்ததை எல்லாம் முதலிலிருந்து செய்ததை நான் பார்த்திருக்கிறேன். அவள் அழுதது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நீங்கள் பேசும் இரண்டு கணினிகளும் குறைவாகவே மின்சாரம் எடுப்பவை என்பதால், சாதாரண 600 விஏ யுபிஎஸ் போதும். பதிந்ததை முடித்து, பேக்கப் எடுத்து, முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் அக்காவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. பழுதானால் பார்க்கப்போவது யார் என்று நீங்கள் இருவரும் வாதாடுகிறீர்கள். காரைக்குடியிலேயே ஒரு கடையில் வாங்கினால் என்ன? சில நூறு ரூபாய் கூடும். ஆனால் அந்தக் கடைக்காரரை அக்காவுக்குத் தெரிந்திருக்கும்.

சில்லுத்தச்சன்:
நிலாமுற்றம் அம்மா சொன்னதை மறுக்க முடியவில்லை. ரிச்சி தெரு விலைக்கும் காரைக்குடி விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே ஒரு பயணச் செலவு தின்றுவிடும். எந்தெந்தப் பாகம் என்பதை எழுத்தில் கொடுத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் மாடல் எண்வரை ரசீதில் போடச் சொல்லுங்கள். "500 வாட்" என்று மட்டும் எழுதினால் ஏற்காதீர்கள்.

நொய்யல்கரை:
கடை உள்ளூரில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அதே கடைக்காரரிடம் எட்டாம் தலைமுறைப் பெட்டி கிடைக்குமா என்றும் கேளுங்கள். 35,000-க்குள் புதிய பாகங்கள், உரிமம், யுபிஎஸ், நல்ல எஸ்எம்பிஎஸ் நான்கும் அடங்காது என்பதே என் கணிப்பு. எதையாவது விட வேண்டியிருக்கும். பழைய பெட்டியில் மீதமாகும் பணத்தில் புதிய எஸ்எஸ்டி ஒன்றையும் போட்டுவிடலாம்.

தேவகோட்டையான்:
அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு அக்காவுடனும் மருமகளுடனும் பேசினேன். காரைக்குடிக் கடை ஒன்றில் அக்கா நேரில் போய்க் கேட்டுவந்தார். எட்டாம் தலைமுறைப் பெட்டிக்கு அவர்கள் மூன்று மாதப் பொறுப்புதான் ஏற்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் கெட்டால் சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்களாம். அதனால் ஐ3-12100-ஐயே எடுக்கிறேன். 8 ஜிபி ராம் ஒன்று, தனி எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் மூன்றும் உறுதி. நொய்யல்கரை அண்ணன் கணித்தது போலவே உரிமத்துக்குப் பணம் போதவில்லை. அதை என் அடுத்த மாதச் சம்பளத்தில் முறையாக வாங்கித் தருகிறேன். திருட்டுச் சாவி போட்டுத் தருவதாகக் கடையில் சொன்னதை மருமகளே வேண்டாம் என்றுவிட்டாள்.

நொய்யல்கரை:
நான் எடுத்திருந்தால் பழைய பெட்டியைத்தான் எடுத்திருப்பேன். எனினும் மூன்று மாதப் பொறுப்பு என்றால் நீங்கள் தயங்குவது நியாயம். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கணினியை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் காட்டச் சொல்லுங்கள். புதியது என்றால் அந்த எண் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ராமை இரண்டாவது ஸ்லாட்டிலும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஸ்லாட் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் மறுபடி அலைச்சல்.