டேர்போ ஒயில் ட்ரெய்ன்: சம்ப்பில எந்த உயரத்துல வாய் வைக்கலாம்?

அண்ணன்மாரே, கொரோலா 5ஏ-எஃப்ஈ எஞ்சினுக்கு வெளி டேர்போ ஒண்ணு ஏத்துறோம். டேர்போவுல இருந்து சம்ப்புக்கு (எஞ்சினுக்கு அடியில இருக்கிற ஒயில் தொட்டி) ஒயில் திரும்புற ட்ரெய்ன் லைன்லதான் ஆலோசனை வேணும்.

டேர்போவுக்கு ஒயில் கொண்டுபோற ஃபீட் லைன்ல தள்ள பம்ப் இருக்கு. ட்ரெய்ன்ல அது இல்ல, நுரைச்ச ஒயில் தன் பாரத்துலயே இறங்கணும். அதனால 16 மி.மீ. உள்விட்ட ஹோஸ், செங்குத்துல இருந்து 35 பாகைக்கு மேல சரியாம, நடுவுல தொங்கல் இல்லாம வருது. ரேடியேட்டர் ஹோஸ் போடல. அது ஒயில்ல ஊறி வீங்கி அடைச்சிரும்.

சிக்கல் நம்ம றோட்டுதான். இந்த எஞ்சின்ல டேர்போ ஏறுற எக்ஸோஸ்ட் ரேடியேட்டர் பக்கம், ஆகவே ட்ரெய்ன் ஹோஸ் சேர்ற வாய் சம்ப்போட முன்பக்கம் விழுது. ரம்பொடை மாதிரி நீள இறக்கத்துல ஒயில் முன்னுக்குச் சேரும். வாய் மூழ்கினா டேர்போவுல ஒயில் தேங்கி, சீல் தாண்டி நீலப்புகைதான். (எஞ்சின் உள்ள சேர்ற வாயுவை வெளிய விடுற பிசிவி வால்வு அடைச்சாலும் இதே புகை வரும், அதைப் புதுசா மாத்தியாச்சு.)

சம்ப் விளிம்புக்குக் கீழ 20 மி.மீ.ல பங் (ஹோஸ் மாட்டுற இணைப்பு வளையம்) வெல்ட் பண்ணலாமா? அவ்வளவு உயரத்துல கிரேங்க் வீசுற ஒயில் வாயை மறிக்குமா, உள்ள ஒரு தகடு வைக்கணுமா? ஹட்டன், நுவரெலியா பக்கம் செஞ்சவங்க அளவோட சொல்லுங்க. உறிஞ்சு பம்ப் யோசனை வேணாம். அது நின்னா டேர்போவும் போகும்.