சாலைப் பணியும் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மரபிடங்களும்: எந்தக் கட்டத்தில் பேசத் தொடங்க வேண்டும்?

கேள்வி – காரைக்குடிப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்தபடியே, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சாலைத் திட்டம் ஒன்றுக்கு வரைபடம் தயாரிக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். பூர்வகுடி மக்களின் ‘பண்பாட்டு மரபு மேலாண்மைத் திட்டம்’ ஒப்புதல் பெற வேண்டும் என்கிறார்கள். இது தடையின்மைச் சான்று வாங்குவது போன்ற நடைமுறைதானா, அல்லது சாலைத் தடத்தையே மாற்றக்கூடியதா? எங்கள் பக்கத்திலும் சாலையை அகலப்படுத்தும்போது ஐயனார் கோயில் காடும், முதுமக்கள் தாழி புதைந்த பொட்டலும் குறுக்கே வருவதால், விவரமாக அறிய விரும்புகிறேன்.

பதில் 1 – தேவகோட்டையிலிருந்து மெல்போர்ன்

தம்பி, தடத்தையே மாற்றக்கூடியதுதான். அதற்காகவே அது இருக்கிறது. அம்மாநிலத்தின் 2006ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுச் சட்டப்படி, நிலத்தைப் பெரிதும் கிளறும் பணி, மரபுத் தடயங்கள் இருக்க வாய்ப்புள்ளதாக விதிகள் வகுத்த பகுதிக்குள் வந்தால், இத்திட்டம், அதாவது அத்தடயங்களைக் கண்டறிந்து எப்படிக் காப்பது என்று சொல்லும் அறிக்கை, கட்டாயம். ஆறு, ஓடைகளிலிருந்து 200 மீட்டர் வரையுள்ள நிலம் பொதுவாக அத்தகையது. இதற்கு ஒப்புதல் கிடைக்கும்வரை சாலைப் பணிக்கு அனுமதி தர முடியாது.

முதலில் ஆவணங்களையும், பிறகு நிலத்தில் நடந்தும் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் சோதனைக் குழி வெட்டுவார்கள். கல் கருவிகளும், படகுக்கோ கேடயத்துக்கோ பட்டை உரித்த தழும்பு மாறாத மரங்களும், சிப்பிக் குவியல்களும் அப்போதுதான் தெரியவரும். அந்த நிலத்துக்கெனப் பதிவு பெற்ற பூர்வகுடி அமைப்பு இருந்தால், ஒப்புதல் தருவதும் மறுப்பதும் அவர்கள்தான். அவர்கள் பரிசீலிக்க 30 நாள் உண்டு. அதை மட்டும் அட்டவணையில் எழுதிவிட்டு, அதற்கு முந்தைய களப்பணியை மறந்துவிடாதீர்கள். தடம் வரைவதற்கு முன்பே அவர்களோடு உட்காருங்கள். அவர்கள் நம்பிச் சொல்லும் இடங்களைப் பொது வரைபடத்தில் குறிக்கவும் கூடாது. மாநிலப் பதிவேடே எல்லோருக்கும் திறந்ததில்லை.

பதில் 2 – புதுக்கோட்டை, ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர்

அனுமதித் தாள் கையில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகான் பள்ளத்தாக்கில் நடந்ததை அறிய வேண்டும். 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்து தங்கியதற்குச் சான்று தந்த பாறைக் குகைகளை, இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக ரியோ டின்டோ நிறுவனம் 2020 மே 24 அன்று வெடிவைத்துத் தகர்த்தது. அம்மாநிலத்தின் 1972ஆம் ஆண்டுப் பூர்வகுடி மரபுச் சட்டத்தின்கீழ் அதற்கு 2013லேயே ஒப்புதல் பெற்றிருந்தார்கள். மறு ஆண்டு நடந்த அகழாய்வில், சுமார் 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியால் பின்னிய கச்சை கிடைத்தது. மரபணு ஆய்வு அதை அந்நிலத்தின் இன்றைய மக்களோடு இணைத்தது. ஆனாலும், புதிய சான்று வந்துவிட்டதால் பழைய ஒப்புதலை மறுபரிசீலனை செய்ய அன்றைய நிலையில் அச்சட்டத்தில் அம்மக்களுக்கு வழி இருக்கவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நம் நாட்டில் 2010 திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த மத்தியத் தொல்லியல் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி உண்டு. அறிவிக்கப்படாத தாழிப் பொட்டலுக்கு அந்த வேலி கிடையாது. மதுரை மாவட்டத்தில், தொல்லியல் சின்னங்கள் உள்ள அரிட்டாபட்டியைச் சூழ்ந்த பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2025 ஜனவரியில் ரத்தானதும், மேலூர் வட்டார மக்கள் வீதியில் இறங்கிய பிறகுதான்.

கேள்வியாளர்

நன்றி அண்ணா, நன்றி ஐயா. ஒரு சந்தேகம்: பதிவு பெற்ற அமைப்பு சம்மதித்தால் ஊர் முழுவதும் சம்மதித்ததாகக் கொள்ளலாமா?

பதில் 3 – தேவகோட்டையிலிருந்து மெல்போர்ன்

சட்டத்துக்கு அது போதும், நிலத்தில் போதாது. விக்டோரியாவின் மேற்கு நெடுஞ்சாலை விரிவாக்கத்தில், பதிவு பெற்ற அமைப்போடு உடன்பாடு கண்ட பிறகும், ஜாப் வுருங் என்ற பூர்வகுடி மக்களில் ஒரு சாரார் தங்கள் மரங்களைக் காக்க முகாமிட்டார்கள். 2020 அக்டோபரில் அவர்கள் புனிதமாகக் கருதிய மரம் ஒன்று வெட்டப்பட்டபோது பெருங்கொந்தளிப்பு எழுந்தது. உங்கள் ஐயனார் கோயில் காட்டுக்கும் இதையே சொல்வேன். நாட்டார் கூட்டத்தில் அம்பலகாரர் கையெழுத்துப் போட்டதோடு நிறுத்தாமல், புரவி செய்து பூசையும் வைக்கும் வேளாரையும், அங்கே பொங்கல் வைக்கும் பெண்களையும் அழைத்து, காட்டின் எல்லை எதுவரை என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். அளவைக் கல் ஊன்றுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.