நன்றாகத்தான் சாப்பிடுகிறார் அப்பா, சத்து எங்கே போகிறது?

கயல்_திண்டுக்கல்:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. 2018இல் குடல் காசநோயால் அடைப்பு வந்து, சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் வெட்டி எடுத்தார்கள். மாத்திரையில் காசநோய் குணமானது. நாலைந்து வருடம் ஒரு குறையும் இல்லை.

இப்போது ஒரு வருடமாக உள்ளங்கால் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி போய்விடுகிறார். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் தள்ளாடி, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொள்கிறார். நாக்கு சிவந்து வழவழவென்று இருக்கிறது, ரசம்கூட எரிகிறதாம். ஹீமோகுளோபின் 9.2, எம்.சி.வி (சிவப்பணுவின் சராசரி அளவு) 114, கூடுதலாம். பக்கத்து கிளினிக்கில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை எழுதித் தந்தார்கள்.

ஞாயிறு தவறாமல் ஆட்டு ஈரல், தினம் முட்டை சாப்பிடுகிறவர். அப்படியும் ரத்தம் இல்லை என்றதும், தன் சமையலில்தான் குறை என்று அம்மா அழுகிறாள். ஈரலை இன்னும் கூட்டலாமா?

வைகைக்கரை:
கயல், குறை சமையலில் இல்லை என்று முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். 2011இல் கிரோன் நோய்க்காக (குடல் அழற்சி நோய்) எனக்கும் அதே பகுதியை எடுத்தார்கள். அப்பாவுக்கு இருப்பது அப்படியே வைட்டமின் பி12 குறைபாடு மாதிரி இருக்கிறது.

பி12 குடலில் கண்ட இடத்தில் உடம்புக்குள் போகாது. இரைப்பை சுரக்கும் இன்ட்ரின்சிக் ஃபேக்டர் என்ற புரதம் அதைக் கைப்பிடித்து, சிறுகுடல் முழுக்கக் கூட்டிக்கொண்டு போய், கடைசிப் பகுதியில் இறக்கிவிடும். அப்பாவுக்கு அந்த இறங்குதுறையே இல்லை. இவ்வளவு நாள் தெரியாததற்குக் காரணம் கல்லீரலில் இருந்த சேமிப்பு. ஒரு நாளைக்கு வேண்டியது 2 மைக்ரோகிராம் சொச்சம்தான். இருப்பு இருப்பதோ மில்லிகிராம் கணக்கில், அதனால் வருடக்கணக்கில் தாங்கும்.

ஈரல் கேட்டீர்கள். 1926இல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், இன்ட்ரின்சிக் ஃபேக்டர் சுரக்காத நோயாளிகளுக்குத் தினமும் நிறைய ஈரல் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த அளவு சாப்பிட்டால், இறங்குதுறை இல்லாமலே நூற்றில் ஒரு பங்கு கசிந்து உள்ளே போகும். ஆனால் கால் மரத்துப்போன ஆளுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம், ஊசிதான் சரி.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். ஃபோலிக் ஆசிட் மட்டும் போனால் ரத்தம் ஏறிவிடும், ரிப்போர்ட் அழகாக இருக்கும். நரம்பு பாட்டுக்குக் கெட்டுக்கொண்டே போகும். நான் அப்படித்தான் எட்டு மாதம் இழந்தேன். வலது கால் விரல்களில் இன்றைக்கும் உணர்வு இல்லை. இந்த வாரமே பொது மருத்துவரையோ நரம்பு மருத்துவரையோ பாருங்கள்.

ஓய்வுபெற்ற_செவிலியர்:
தம்பி சொன்னது சரி. கயலம்மா, முதல் ஊசிக்கு முன்னால் பி12 அளவுக்கு ரத்தம் எடுத்துவிடச் சொல்லுங்கள், போட்டபிறகு பார்த்தால் அளவு ஏறித்தான் தெரியும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை செ.மீ. குடல் எடுத்தார்கள் என்று இருக்கும், அதையும் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிறு போகிறதா? கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்பைத் திரும்ப உறிஞ்சுவதும் அதே இடம்தான். கேட்டால் 'ஆமாம், பழகிவிட்டது' என்பார்கள், வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். அப்படி இருந்தால், கொழுப்போடு சேர்ந்து உள்ளே போகும் வைட்டமின் டியும் பார்த்துவிடுவது நல்லது.

கயல்_திண்டுக்கல்:
இருவருக்கும் நன்றி. சம்மரி பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது: 70 செ.மீ. பி12 அளவு 118. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, அப்புறம் ஆயுள் முழுக்க இடைவெளி விட்டு என்றார் மருத்துவர். வயிறு போவதைக் கேட்டேன். ஐந்து வருடமாக இருக்கிறதாம்!

ஆறு வாரம் ஆகிறது. ரசம் எரியவில்லை. கால் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது, பின்பட்டை வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வைகைக்கரை அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இறங்குதுறை வரி வந்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.