வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர் யாராவது உண்டா?

நண்பர்களே, வணக்கம். ஃபெண்டர் கம்பெனியின் சாம்ப் 5எஃப்1 என்ற பழைய கிடார் ஆம்ப்ளிஃபயரின் சர்க்யூட்டைப் பார்த்து வீட்டிலேயே ஒரு கிடார் ஆம்ப் கட்டி வருகிறேன். 5 வாட்தான். மூன்றே வால்வுகள் (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்): 12ஏஎக்ஸ்7, 6வி6, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயருக்கு 5ஒய்3. மூன்றும் கைவசம் இருக்கின்றன. ரெசிஸ்டர், 450 வோல்ட் கண்டென்சர் எல்லாம் ரிச்சி தெருவிலேயே கிடைத்துவிட்டன.

சிக்கல், வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். பிரைமரி (உள்ளே வரும் பக்கச் சுற்று) 8 கிலோ ஓம், ஸ்பீக்கர் 4 ஓம். ஒற்றை வால்வு என்பதால் பிரைமரியில் எப்போதும் டிசி ஓடிக்கொண்டிருக்கும். அது இரும்பைக் காந்தத்தால் நிரப்பிவிடாமல் இருக்க, ஆங்கில 'ஈ' வடிவ இரும்புத் தகடுகளை ஒரு பக்கமாகவும் 'ஐ' தகடுகளை மறுபக்கமாகவும் அடுக்கி, நடுவே மெல்லிய காகிதம் வைக்க வேண்டும். நான் கொடுத்த கடையில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் போல மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார்கள். கிடாரின் தடித்த கம்பியை மீட்டினால் ஒலி தளர்ந்து கலங்குகிறது. மனசே விட்டுப்போச்சு.

அப்புறம், பவர் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும்: 230 வோல்ட் பிரைமரி; செகண்டரி (வெளியே போகும் பக்கச் சுற்று) 325-0-325 வோல்ட் 70 மில்லியாம்ப், 6.3 வோல்ட் 2 ஆம்ப், 5 வோல்ட் 2 ஆம்ப். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான், ஆனால் இரும்பின் எடைக்கு கூரியர் செலவு கட்டுப்படியாகாது.

சென்னை, கோவை, மதுரை எங்கே இருந்தாலும் சரி, வால்வு ரேடியோ காலத்து வைண்டிங் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன். சின்னக் குழந்தை இருக்கும் வீடு, இன்சுலேஷன் கச்சிதமாக இருக்க வேண்டும். வால்வு செருகும் எட்டுத் துளைப் பீங்கான் ஆக்டல் சாக்கெட் இரண்டு பழையதாகக் கிடைத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.