குமரியில் கிறிஸ்தவக் குடும்பச் சொத்து: சீதனம், பதிவேடு, கோயிலுக்கு எழுதிய உயில்

"தங்கச்சிக்குச் சீதனம் கொடுத்தாச்சு, இனி பங்கில்லை" என்பது 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் மிச்சம். மகனின் பங்கு மதிப்பில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் அதில் மகளுக்கு. முதலில் அப்பா இறந்த தேதியைப் பாருங்கள். 1.4.1951-க்குப் பிறகு, உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. 60 சென்ட் நிலம், மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் என்றால் மனைவிக்கு 20 சென்ட். மீதி 40 மூன்று பேருக்கும் சமமாக, ஆளுக்கு 13.33. சீதன ரசீதைக் காட்டிப் பங்கைக் குறைக்க முடியாது. முன்பே கொடுத்ததைக் கழிக்க அந்த 1925 சட்டத்தின் 49-ஆம் பிரிவு இடம் தரவில்லை.

---

அப்பா இறந்ததாக அண்ணன் சொன்ன தேதிதான் பல வீடுகளில் சிக்கல். இறப்புச் சான்று இல்லையென்றால் பங்கு ஆலயத்தின் அடக்கப் பதிவேட்டை எடுங்கள். பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக்க, ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டவும். திருமுழுக்குப் பெயர் ஒன்று, பட்டாவில் கூப்பிடும் பெயர் வேறு என்றால் இரண்டும் ஒரே ஆள் என்று காட்டத் திருமணப் பதிவேடும் வேண்டும், தகப்பன் பெயர் அதில் இருக்கும்.

வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் வில்லங்கச் சான்று. மகளின் பங்கு பத்திரமே இல்லாமல் வந்தது, அதனால் சான்று சுத்தமாகத்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழில் மகள்கள் விடுபட்டிருக்கிறார்களா என்று குடும்ப அட்டையோடும் திருமுழுக்குப் பதிவேட்டோடும் ஒத்துப் பாருங்கள். சம்மதம் என்று வாயால் சொன்னது போதாது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

---

கோயிலுக்கு எழுதி வைத்த உயில்களைப் பற்றி: நெருங்கிய உறவினர் உள்ளவர் இறப்பதற்கு 12 மாதம் முன்பே எழுதி, 6 மாதத்துக்குள் முறைப்படி ஒப்படைத்திருக்க வேண்டும் என்ற அதே 1925 சட்டத்தின் 118-ஆம் பிரிவை 2003-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய வக்கீல் குறிப்புகளை நம்பி இன்னும் சிலர் அதைப் பிடித்துத் தொங்குகிறார்கள். சாட்சி இரண்டு பேர் வேண்டும். சொத்துப் பெறுகிறவரோ அவருடைய மனைவியோ கணவரோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உயில் நிற்கும், அவருக்கு எழுதியது மட்டும் போகும்.

நன்கொடைப் பத்திரத்தில் பங்குத்தந்தையின் சொந்தப் பெயரை மட்டும் போடாதீர்கள். அவர் மாற்றலாகிப் போனபின் பட்டா மாற்றம் அங்கேயே முட்டி நிற்கும். ஆலயச் சொத்து எந்தப் பெயரில் வைக்கப்படுகிறது என்று மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மாறாமல் அதையே எழுதுங்கள்.