கல்பிட்டியில் கைட்சர்ஃபிங்: பிடியைத் தளர்த்தப் பழகிய அனுபவம்

காற்றில் பறக்கும் பெரிய பட்டம் இழுக்க, காலில் பலகையோடு நீர்மேல் சறுக்கும் விளையாட்டுத்தான் கைட்சர்ஃபிங். அதைக் கற்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் இடம் புத்தளம் மாவட்டத்தின் கல்பிட்டி. கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் வந்து பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால், ஒரு புறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்புமாக ஒடுங்கி நீளும் அந்தக் குடாநாட்டுக்குள் நுழைந்துவிடலாம். மே முதல் ஒக்டோபர் வரை அங்கே சோளகம் எனும் தென்மேற்குக் காற்று பெரும்பாலான நாட்களில் ஓயாமல் வீசும். நுரைச்சோலைப் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியிருப்பதும் அதனால்தான். புதியவர்கள் பழகுவது திறந்த கடலில் அல்ல, கப்பலடிப் பக்கத்துச் சிறு களப்பில். மணல்திட்டு அலையைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். பல இடங்களில் இடுப்பளவு ஆழந்தான்.

எனக்குக் கற்பித்தவர் கல்பிட்டி மீனவக் குடும்பத்து இளைஞர். முதல் பாடம் முழுவதும் மணலிலேயே கழிந்தது. பட்டத்தின் முன்விளிம்புக் குழாயில் பம்பினால் காற்றடித்து, விரலால் சுண்டினால் ‘டங்’ என்று ஒலிக்கும்வரை இறுக்க வேண்டும். இருபது மீற்றருக்கு மேல் நீளமான நான்கு கயிறுகளையும் ஒன்றோடொன்று பின்னாமல் விரித்து, ஒவ்வொன்றாக விரலிடுக்கில் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். இந்தக் குழாய்தான் விளையாட்டையே சாத்தியமாக்கியது எனலாம். பிரான்சைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்பு அது. தண்ணீரில் விழுந்த பட்டம் அமிழாமல் மிதப்பதும், ஒரு பக்கக் கயிற்றை இழுத்ததும் விளிம்புக்கு உருண்டு மீண்டும் எழுவதும் அதனால்தான்.

உண்மையான சிரமம் கையில் இருக்கும் பாரில், அதாவது பட்டத்தின் கயிறுகள் வந்து சேரும் பிடிகம்பியில், தொடங்குகிறது. பாரை உடலை நோக்கி இழுத்தால் பட்டத்தின் விசை கூடும், தள்ளிவிட்டால் குறையும். ஆனால் பயந்த மனிதன் இயல்பாகச் செய்வது எதையாவது இறுகப் பற்றித் தன்பக்கம் இழுப்பதைத்தான். பட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது சாதுவாக இருக்கும். அதே பட்டம் காற்றடிக்கும் திசையில் நமக்கு நேர் முன்னே தாழ்ந்து வந்துவிட்டால், ஆளைத் தூக்கி எறியும் வேகத்தில் இழுக்கும். அந்தக் கணத்தில் பாரை இழுப்பவர் எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிறார். “அண்ணன், பயம் வந்தா இழுக்காதீங்க, விட்டுடுங்க, அது தானா அடங்கும்” என்று அந்த இளைஞர் திரும்பத் திரும்பச் சொன்னார். காது உடனே கேட்டுக்கொண்டது. கைகள் கேட்க நாட்கள் பிடித்தன. அதற்கும் அடங்காவிட்டால் இழுப்பதற்கென்று அவசர விடுவிப்புப் பூட்டு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடி இழுக்கும் பயிற்சியையும் அவர் தவறாமல் செய்வித்தார்.

காற்றின் கணக்கும் ஏமாற்றக்கூடியது. வேகம் 15 நொட்டிலிருந்து (நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 20 நொட்டாக உயர்ந்தால், மூன்றில் ஒரு பங்குதானே என்று தோன்றும். விசை வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவதால், இழுப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடுகிறது. நண்பகல் கழிந்து களப்புக்கு அப்பால் வெண்நுரை தெரியத் தொடங்கியதும், அவர் என்னைக் கரைக்கு அழைத்து, 12 சதுர மீற்றர் பட்டத்தை இறக்கி 9ஐ மாட்டுவார். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாட்களில் மட்டும் யாரும் தனியாக இறங்கவே கூடாது. கயிறறுந்தாலும் கை சோர்ந்தாலும் போய்ச் சேருவது ஆழ்கடலுக்குத்தான்.

பலகைக்கு முன்னால், அது இல்லாமல் தண்ணீரில் இழுபட்டுப் போகும் பயிற்சி வரும். ஒரு கையை நீட்டி, உடலையே சுக்கானாக வைத்துக் காற்றுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து முன்னேற வேண்டும். நடுக்களப்பில் பலகை காலைவிட்டு நழுவும்போது பட்டம் நம்மைக் காற்றுப்போக்கில் இழுத்துக்கொண்டு போக, பலகை பின்னே தங்கிவிடும். அதை மீட்க இந்த வித்தையை விட்டால் வேறு வழியில்லை. இதைக் கற்பிக்காமலே முதல் நாளே பலகையில் ஏற்றுகிறோம் என்று ஆசை காட்டும் இடத்துக்கு நான் பணம் கட்டமாட்டேன்.

பலகையில் எழுவதே எல்லோரும் காத்திருக்கும் கட்டம், சொல்ல அதிகமில்லை. பட்டத்தைப் பக்கவாட்டில் ஒரு வீச்சுத் தாழ்த்தி, அது இழுக்கும் கணத்தில் முழங்காலை மடித்து எழ வேண்டும். பார்வை காலடிக்கு இறங்கினால் அடுத்த நொடி வாயில் உப்புத்தண்ணீர்.

காற்றுக்கு எதிர்த்திசையில் ஏறிச்சென்று புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது எனக்கு இன்னும் கைகூடவில்லை. ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மணலில் நடந்துதான் வருகிறேன். டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் நடுப்பகுதி வரை வீசும் வாடைக்காற்று சோளகத்தைவிட மெல்லியது. அந்தப் பருவத்தில் பெரிய பட்டத்தோடு இதைப் பழகியவர்கள் இருந்தால், எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.